சனிக்கிழமை இரவே நிரப்ப வேண்டிய தொட்டி

சின்ன ஊர் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நான ஆராதனை ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டோடு தொடங்குவதில்லை. சனிக்கிழமை இரவு மோட்டார் சுவிட்சைப் போடும்போதே தொடங்கிவிடுகிறது. பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தால் அடியில், ஆளை முழுதாகத் தண்ணீரில் முக்கி எடுக்கும் ஞானஸ்நானத் தொட்டி இருக்கும். உள்ளளவு 6 அடி நீளம், 4 அடி அகலம், நாலரை அடி ஆழம் இருந்தால் போதும். அதில் 3 அடிக்குத் தண்ணீர் நின்றால் 72 கன அடி, ஏறக்குறைய 2000 லிட்டர். எடை மட்டும் 2 டன். மாடியில் ஆராதனைக் கூடம் வைத்திருக்கும் சபைகள் தொட்டியையும் அங்கேயே கட்ட ஆசைப்படுவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததால்தான். தொட்டிக்குத் தரையை விட்டால் வேறு இடம் கிடையாது.

இத்தனை பாடு எதற்கு, தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்தால் ஆகாதா என்று பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பாப்டிஸ்டுகளுக்கு மேலே பிஷப் இல்லை, பேராயம் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். போதகர், உதவிக்காரர் என்று இரண்டே பொறுப்பு. ஞானஸ்நானம், கர்த்தருடைய பந்தி (அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வது) என்று இரண்டே நியமம். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்: ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது. அப்பா சொன்னார், மாமியார் சொன்னார், பாஸ்டர் சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வராது. அவரவர் வாயால் வர வேண்டும். அதனால்தான் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, பிரதிஷ்டை மட்டும்: பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவார்கள், போதகர் ஜெபிப்பார், அவ்வளவுதான். இதைப் பிரசங்கிப்பது சுலபம். தண்ணீரிலும் காணிக்கைப் பையிலும் சாவு வீட்டிலும் அதன்படி நடப்பதற்குத்தான் வாரம் முழுக்க வேலை இருக்கிறது.

சென்னைக்காரர்கள் இன்று சாக்கடையாகப் பார்க்கும் பக்கிங்காம் கால்வாய்க்கு இந்த எண்ணத்தின் கதையில் ஒரு பங்கு உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, இன்றைய ஆந்திராவின் ஓங்கோல் பக்கம் அந்தக் கால்வாயை வெட்டும் வேலையில் மூன்றரை மைல் நீளத்தை ஒப்பந்தமாக எடுத்தவர் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. பட்டினி கிடந்த மாதிகா என்ற தலித் சமூக மக்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். வேலைக்கு வந்தவர்கள் ஞானஸ்நானமும் கேட்டார்கள். நிவாரணம் நடந்த காலம் முழுக்க அவர் கொடுக்கவில்லை. சோற்றுக்காகக் கேட்கிறார்களா, மனதோடு கேட்கிறார்களா என்று பிரித்தறிய முடியாத காலம் அது. கூலி நின்ற பிறகும் கேட்டார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். போதகர்கள் ஆறு பேர். ஒரு நேரத்தில் தண்ணீரில் நின்றவர்கள் இரண்டு பேர்தான், மாற்றி மாற்றி. எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அதற்கு முன்னால் இருந்த காத்திருப்பைச் சொல்வதில்லை. வில்லியம் கேரி என்ற ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரி 1793-இல் வங்காளத்தில் இறங்கினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் இறங்கியது 1800 டிசம்பர் 28 அன்று. ஏழு வருஷம். இன்றைக்கு ஏழு வாரம் காத்திருக்கச் சொன்னாலே சில குடும்பங்களுக்கு வருத்தம் வந்துவிடுகிறது.

ஆறிலிருந்து எட்டு வாரம் ஆயத்த வகுப்பு வைப்பது நல்லது. வசனம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்த பிள்ளை எதையும் ஒப்பிக்கும். கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் யார் யாருக்குத் தெரியும்? இந்த ஊரை விட்டு வேலைக்குப் போய்விட்டால், பாஸ்டரும் சிநேகிதர்களும் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வாய்? யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதா? கல்யாணம் பேசி முடிக்கிற சமயத்தில் மாப்பிள்ளையோ பெண்ணோ அவசரமாக ஞானஸ்நானம் கேட்டால், கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிடுவது உத்தமம். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பத்திலிருந்து வருகிறவர்களிடம், சிறுவயதில் பெற்றோர் செய்ததைக் கொச்சையாகப் பேச விடாதீர்கள். அப்பா அம்மாவிடம் அவர்களே போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் வேற்று மதக் குடும்பத்திலிருந்து வந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்து, பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. கிறிஸ்தவராகிறவர் அந்தத் தகுதியை இழக்கிறார்; தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் வருகிறார். கல்லூரி இடம், வேலை, உதவித்தொகை எல்லாம் இதில் அடங்கும். நியாயமா இல்லையா என்பது வேறு வழக்கு. ஆனால் தெரியாமல் தண்ணீரில் இறங்கிவிட்டு, இரண்டு வருஷம் கழித்துத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும்போது தெரிந்துகொண்டால் அந்தக் கசப்பு போதகர் மேல் வரும்; வருவதும் சரிதான். சான்றிதழில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று என்று இரண்டு வாழ்க்கை நடத்த யோசனை சொல்கிறவர்களும் உண்டு. முதல் நாளே பொய்யில் தொடங்கும் சாட்சிக்கு ஆயத்த வகுப்பு எதற்கு?

இனித் தண்ணீர். வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் நிரப்பும் தொட்டி முதல் இரவே ஒரு சாண் இறங்கிவிடும். காய்ந்து கிடந்த சிமெண்டுப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கும். ஆகையால் ஒரு வாரம் முன்பே அரைத் தொட்டி நிரப்பி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, காலையில் பார்க்க வேண்டும். கோடு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிட நேரம் இருக்கும். சனிக்கிழமை பாசியைத் தேய்த்துக் கழுவி, பல்லி, கரப்பான் ஒன்றும் இல்லை என்று பார்த்து நிரப்புங்கள். 2000 லிட்டருக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, பிளீச்சிங் பவுடர் போதும். கிணற்றுக்குப் போடும் அதே அளவுதான், ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். நேரடியாகத் தூவக்கூடாது. ஒரு வாளியில் கரைத்து, பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரியும். இரவே போட்டுவிட்டால் காலையில் வாடை பெரும்பாலும் போயிருக்கும்.

தண்ணீர் மட்டம் இறங்குகிறவரின் இடுப்புக்கு மேல், மார்புக்குக் கீழ் நிற்க வேண்டும். பிள்ளைகள் பயப்படுவார்களே என்று குறைவாக நிரப்புவது எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் குறைந்தால் பாரத்தைத் தண்ணீர் தாங்காது, போதகரின் முதுகுதான் தாங்கும். தலையும் வெகுதூரம் கீழே போக வேண்டியிருக்கும். தலை படிக்கட்டுப் பக்கம் சாயாதபடி, கால்தான் படிப்பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். ஈரப் படியில் சாக்கு விரித்துப் போட்டால் வழுக்காது.

மின்சாரத்தைப் பற்றி ஒரே விதி: தொட்டிக்குள் நிற்கிறவரின் கைக்கு எட்டும் தூரத்தில் வயர் இருக்கக்கூடாது. 2005 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் வேகோ நகரில், ஞானஸ்நானத் தொட்டியில் நின்றபடி மைக்கைச் சரிசெய்யக் கை நீட்டிய பாப்டிஸ்ட் போதகர் மின்சாரம் தாக்கி இறந்தார். நம் ஊர் வயரிங் அதைவிட மேல் என்று சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு? சாட்சி சொல்வதெல்லாம் உலர்ந்த தரையில் நின்று முடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கட்டும். இறங்கிய பிறகு மைக் வேண்டாம். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான், 80 பேர் இருக்கும் கூடத்தில் தொண்டை போதும். மார்கழிக் குளிருக்காக ஹீட்டர் ராடு போட்டு வைத்தால் பிளக்கைக் கழற்றி, ராடையே எடுத்து வெளியில் வைத்த பிறகுதான் யாரும் படியில் கால் வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள்.

உடை. வெள்ளை உடைதான் அழகு, ஆனால் மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். கனமான பருத்தித் துணி, உள்ளே அடர்நிற உடை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெண்களுக்குச் சுடிதாரின் மேல் கழுத்து மூடிய நீள அங்கி. அங்கியின் கீழ்மடிப்பில் நாலைந்து இரும்பு வாஷர்களை வைத்துத் தைத்தால் பாவாடை மாதிரி மிதந்து மேலே வராது. ஒருமுறை தைத்து வைத்தால் சபைக்குப் பத்து வருஷம் வரும். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கொலுசு, பையில் கைபேசி; இவற்றை வாங்கி வைக்க ஒரு ஆள் வேண்டும். படியேறி வரும் பெண்ணுக்கு அகலமான துண்டோடு ஒரு அக்கா காத்திருக்க வேண்டும். மாதவிடாய் வந்துவிட்டால் போதகரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக் கடைசி நிமிஷத்தில் காய்ச்சல் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. தேதியை மாற்றிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று வகுப்பிலேயே ஒரு பெண் மூலம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் அந்தத் தவிப்பு இருக்காது. சர்க்கரை, வலிப்பு உள்ளவர்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உபவாசம் இருந்து குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் தலை சுற்றும். அன்று காலை இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இறக்கும் முறையைச் சனிக்கிழமை மாலையே உலர்ந்த தரையில் பாய் விரித்துப் பழக்க வேண்டும். இறங்குகிறவர் வலது கையால் கைக்குட்டையோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளட்டும். போதகர் பக்கவாட்டில் கால்களை அகட்டி நின்று, ஒரு கையால் அந்தக் கைகளைப் பிடித்து, மறு கையைப் பிடரிக்குக் கீழே தோள்பட்டைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். இப்போது முக்கியமான விஷயம்: மரக்கட்டை மாதிரி விறைத்துச் சாயாமல், நாற்காலியில் உட்காருவதுபோல முழங்காலை மடக்கிப் பின்னால் சாய வேண்டும். விறைத்துச் சாய்ந்தால் பாதம் தரையை விட்டு மிதந்துவிடும். பாதம் மிதந்துவிட்டால் ஒல்லியான ஆளையும் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. அவர் பயத்தில் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கழுத்தைப் பிடிப்பார். பருமனானவர்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு உதவிக்காரர் கட்டாயம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, “மூச்சைப் பிடிச்சுக்கோங்க” என்று மெதுவாகச் சொல்லி, பிறகுதான் முக்க வேண்டும். பாதி வார்த்தை சொல்லும்போதே சாய்த்துவிட்டு ஆமெனைத் தண்ணீருக்குள் சொல்ல வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஒரு விநாடி, அதற்கு மேல் வேண்டாம்.

முழங்கை வெளியே நின்றுவிட்டதே, மறுபடி முக்க வேண்டுமா என்று கேட்கும் பெரியவர் எல்லாச் சபையிலும் ஒருவர் இருப்பார். வேண்டாம். வாயால் அறிக்கையிட்டவர் முழங்கையால் கெட்டுப்போகமாட்டார்.

நடக்க முடியாத முதியவர்களை நாற்காலியில் உட்கார்த்தி இறக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, ஆள் உட்காரும் முன் மிதக்கும், உட்கார்ந்த பின் கால் வழுக்கும். இரும்பு நாற்காலியைத் தொட்டிக்குள் வைத்து, இருவர் பிடித்துப் பின்னால் சாய்த்து நிமிர்த்த வேண்டும். படுக்கையோடு இருப்பவருக்கு எப்படி என்று பாப்டிஸ்டுகளுக்குள்ளேயே ஒருமித்த பேச்சு இல்லை. தண்ணீர் இரட்சிப்பதில்லை என்று நாமே போதிப்பதால், மருத்துவர் வேண்டாமென்றால் விட்டுவிடுவதே சரி என்பது என் பக்கம்.

ஆறு, குளம், கடல் என்றால் முந்தின நாள் அதே நேரத்தில் போய் உள்ளே இறங்கி நடந்து பார்க்காமல் ஆளைக் கூட்டிப்போகாதீர்கள். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். தாமிரபரணி போன்ற அணைத்தண்ணீர் வரும் ஆற்றில் காலையில் பார்த்த மட்டம் மதியம் இராது. நிற்கும் இடத்தைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். நீந்தத் தெரிந்த இரண்டு பேர் கயிற்றுக்கு வெளியே நிற்கட்டும்.

முழுக்கு முடிந்ததும் அங்கத்தினர் சேர்க்கை. போதகர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. சபை கூடிக் கை தூக்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு ஞாயிறு முன்பே அறிவிப்பு, என்னென்ன பேசப்போகிறோம் என்ற பட்டியல், தீர்மானப் புத்தகத்தில் எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்ற எண்ணிக்கை. இவை இல்லாவிட்டால் பின்னால் வழக்கு வரும். சின்ன ஊரில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சித்தப்பா, மச்சான். அண்ணன் கை தூக்கினால் தம்பி தூக்குவார். பெரிய செலவு, கட்டடம், போதகரின் சம்பளம் ஆகியவற்றுக்குச் சீட்டெழுதிப் பெட்டியில் போடும் முறை நல்லது. சம்பளம் பேசும்போது போதகரும் அவர் மனைவியும் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

காணிக்கைப் பணத்தைப் போதகர் தொடவே கூடாது. எண்ணுகிறவர்கள் இரண்டு பேர், ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது, மாதாமாதம் ஆள் மாற வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, பையைக் கட்டி, திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். அவசரச் செலவை அந்தப் பையிலிருந்தே எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டுவதில்தான் எல்லாக் குழப்பமும் பிறக்கிறது. வரவு முழுதாக வங்கிக்குள் போய், செலவு தனியாக வெளியே வரட்டும். துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன், இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவனே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், அதே பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவு இல்லாத சபை அதை வாங்கக்கூடாது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் பையில் போடும் டாலர் நோட்டுக்கும் இதே கதிதான். சங்கடமாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்படியே, மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ஜாமீன் போடச் சொல்லி வருவார்கள். ஒருவருக்குப் போட்டால் தெருவே வரும். நீதிமொழிகள் புத்தகம் ஜாமீனைப் பற்றி அத்தனை இடத்தில் எச்சரிப்பது சும்மா இல்லை.

கர்த்தருடைய பந்திக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 பேருக்கு ஒரு சிறு கிண்ணம் 20 மில்லி என்றால் 1200 மில்லி திராட்சை ரசம். இரண்டு கிலோ கம்பம் பன்னீர் திராட்சை வாங்கினால் சரியாக இருக்கும். கொதிக்க வைத்து வடிகட்டி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பொங்கிவிடும், மதுவிலக்கு பேசும் சபையில் அது வேறு பிரச்சினை. கிண்ணத்தை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், தட்டு கைமாறும்போது சிந்தும்.

கல்யாணத்தில் சட்டம்தான் பெரும்பகுதி. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, நம் போதகர்களில் அரசு உரிமம் பெற்றவர் மட்டுமே நடத்தலாம். உரிமம் இல்லாதவர் ஜெபிக்கலாம், பிரசங்கிக்கலாம். உடன்படிக்கை சொல்லவைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக்கூடாது. எழுத்தில் அறிவிப்பு வாங்கி ஆலயத்தில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். அறிவிப்புச் சான்று கொடுத்து இரண்டு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நேரம் காலை 6 முதல் மாலை 7 வரை. மின்விளக்கு அலங்காரத்தோடு இரவு 8 மணிக்கு வேண்டும் என்று கேட்டால் அது வரவேற்பாக இருக்கட்டும். இரண்டு சாட்சிகள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு. இதிலும் பெண்ணிடம் தனியாக ஒரு பத்து நிமிஷம், ஒரு அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டுவிடுங்கள். மேடையில் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

நோயாளியைப் பார்க்கப் போனால் பத்து நிமிஷம் போதும். கட்டிலில் உட்காராதீர்கள், தையல் போட்ட உடம்புக்கு மெத்தை அசைவதே வலி. “ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். பொது வார்டில் பக்கத்துக் கட்டில்காரரும் காது உள்ளவர்தான், ஜெபம் அவருக்கும் சத்தமாகக் கேட்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்து, இன்சுலின் வேண்டாம், விசுவாசம் போதும் என்று ஒரு போதகர் சொல்வது விசுவாசம் அல்ல. அடுத்தவர் உயிரை வைத்து ஆடும் ஆட்டம் அது. உபவாச ஜெபத்தை அறிவிக்கும்போதே சர்க்கரைக்காரர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சேர்த்து அறிவியுங்கள்.

சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் நேரம் காலம் பார்க்காமல் போக வேண்டும். பைபிளோடு அளக்கும் டேப்பும் பையில் இருக்கட்டும். வீட்டில் இறந்தவரானால் மருத்துவரின் இறப்புச் சான்று, பிறகு 21 நாளுக்குள் இறப்புப் பதிவு. இதை அழுகிறவர்களிடம் சொல்லாமல் ஒரு மருமகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஃப்ரீசர் பெட்டியை எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கில் மட்டுமே போடுங்கள். ஈரத் தரையில் நின்று எல்லோரும் அந்த இரும்பைத் தொட்டு அழுவார்கள். கல்லறைத் தோட்டம் இல்லாத சபையானால் இடம் கேட்பதைச் சாவு வரை தள்ளிப்போடக்கூடாது. மற்றச் சபைகளிடமும் உள்ளாட்சியிடமும் நல்ல நாளிலேயே பேசிக் கடிதம் வாங்கி வைத்திருக்க வேண்டும். சொந்தத் தோட்டத்தில் அனுமதியில்லாமல் குழி வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சவப்பெட்டியின் நீளம் இறந்தவரின் உயரத்தைவிட மூன்று அங்குலம் கூடுதல். குழியை உடல் அளவுக்கு வெட்டச் சொல்லிவிட்டு, பெட்டியின் கைப்பிடிகளை மறந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. பாதி இறங்கியதும் பெட்டி சிக்கி நிற்கும், ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும், ஒருவர் கடப்பாரையோடு குழிக்குள் இறங்க வேண்டிவரும். பெட்டியின் வெளியளவைக் கைப்பிடியோடு அளந்து, நான்கு பக்கமும் அரை அடி கூட்டிச் சொல்லுங்கள். ஆழம் 5 அடி என்றால் இறக்குகிற கயிறு ஒவ்வொன்றும் 20 அடி. இரு பக்கமும் ஆழத்துக்கு ஐந்தைந்து, பெட்டிக்கு அடியில் இரண்டு, கையில் பிடிக்க மூன்று மூன்று, மீதி கைவசம். மூன்று கயிறு வேண்டும், தேங்காய் நார்க் கயிறு. நைலான் வழுக்கும், உள்ளங்கையைக் கிழிக்கும். குழியின் அடியில் தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்தால் பெட்டி அதன்மேல் உட்காரும், கயிற்றைச் சுலபமாக உருவலாம். செங்கல் இல்லாவிட்டால் கயிறு பெட்டிக்கடியில் மாட்டிக்கொள்ளும். இழுக்கிறவன் இழுக்க இழுக்கப் பெட்டி ஆடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

குடும்பத்தில் பாதி விசுவாசிகள், பாதி இந்துக்கள் என்பது நம் ஊர்களில் சாதாரணம். மாலை போடலாமா, நீர்மாலை எடுக்கலாமா, பெண்கள் கல்லறைக்கு வரலாமா என்ற பேச்சைத் தெருவில் பேசவிடாதீர்கள். மூத்த மகனையும் தாய்மாமனையும் உள்ளறையில் உட்காரவைத்து, “அவங்க இருந்தப்ப என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். இறந்தவர் தன் வாயால் சொல்லியிருந்தால் தகராறு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதற்காகவே, வயதான விசுவாசிகளிடம் தன் அடக்கம் எப்படி நடக்க வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்வது நல்லது. வீட்டில் செய்தி பத்து நிமிஷம், குழியருகில் ஐந்து. செத்தவரின் குற்றங்குறைகளை உதாரணமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், இல்லாத நற்குணங்களைச் சூட்டவும் வேண்டாம், ஊருக்குத் தெரியும். மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் கூட்டம் வரும். யாரும் வராத இடைப்பட்ட வாரங்களில், மூன்றாவது வாரம் செவ்வாய் புதன்போல ஒரு மத்தியானம், சொல்லாமல் போய் அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அப்போதுதான் அந்த அம்மா பேசத் தொடங்குவார்.

போதகருக்கு ஓய்வு திங்கட்கிழமை என்பார்கள். ஞானஸ்நானம் நடந்த வாரத்தில் அதுவும் அரை நாள்தான். அடைப்பைத் திறந்தால் 2000 லிட்டரும் தென்னைக்குப் போகும். இரண்டு நாள் நின்றதில் குளோரின் போயிருக்கும், மரத்துக்குக் கெடுதல் இல்லை. அங்கிகளை உடனே அலசி நிழலில் உலர்த்தாவிட்டால் வாஷர் துரு வெள்ளைத் துணியில் மஞ்சளாக இறங்கும். தொட்டியின் மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் தங்கினாலும் விளக்குமாற்றால் தள்ளித் துணியால் ஒற்றி எடுங்கள். பத்து நாளில் அது ஏடிஸ் கொசுவாகும். டெங்கு ஒழிப்புக்கு வரும் நகராட்சிப் பணியாளர்கள் மேடைப் பலகையைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள்.